இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஒரு கார்

ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள், பழைய இரும்பு ஏற்றிய லாரிகளைப் பார்க்காமல் போக முடியாது. சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் இருக்கும் உருக்காலைகள் அந்த இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கி, பில்லெட்டாக வார்த்து, உருட்டாலையில் கம்பியாக்குகின்றன. நம் வீட்டுத் தளத்துக்குள் மறைந்திருக்கும் டி.எம்.டி. கம்பி, ஒரு காலத்தில் யாருடைய காராகவோ ஓடியிருக்கலாம்.

அதே மாவட்டத்தின் கடலோரத்தில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில், புதுக் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலேறுகின்றன. மேற்கே கடம்பத்தூர் பக்கம், அதிகத்தூரில், காரைச் செய்தே அனுப்புகிறார்கள். ஆக, காரின் பிறப்பும் பயணமும் இறுதிச் சடங்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. இங்கே இல்லாதது முதுமை மட்டும்தான். ஒரு கார் வயதாகி, மதிப்போடு வாழ்வதற்கான ஏற்பாடு.

பழைய காரை வைத்திருப்பது, பழுது நீக்கிப் பழையபடி எழுப்புவது, தன் ரசனைக்கு மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் அமெரிக்காவில் ஒரு பெருந்தொழில். அதன் நடுநாயகம் 1960-களின் ‘மஸில் கார்’. நம் ஊரில் அந்தப் பித்துக்கு எது பொருள்? அதற்கு வேண்டிய கை இருக்கிறதா, உதிரி இருக்கிறதா, சட்டம் இடம் கொடுக்கிறதா? இந்த மூன்றையும் திருவள்ளூரில் நின்று பார்ப்பதே இக்கட்டுரை.

நடுத்தர உடம்பில் பெரிய இன்ஜின்

மஸில் காரின் சூத்திரம் எளிமையானது. நடுத்தர அளவுக் காரை எடுத்துக்கொள். அதற்குள் பெரிய காரின் வி-8 இன்ஜினை வை. இளைஞன் வாங்கக்கூடிய விலையில் விற்றுவிடு. 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு இதைத்தான் செய்தது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்று நிறுவனத்திலேயே ஒரு விதி இருந்தது. ஜான் டெலோரியனின் குழு, புது மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் காருக்கான கூடுதல் ‘ஆப்ஷன்’ என்று எழுதிக்கொண்டு 389 கன அங்குல (6.4 லிட்டர்) இன்ஜினை உள்ளே வைத்தது. கூடுதல் விலை 295 டாலர். சக்தி 325 குதிரை. அதுதான் ஜி.டி.ஓ. அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. பிறகு ஷெவல், சார்ஜர், ரோடு ரன்னர் என்று வரிசை கட்டின.

அந்த ஆட்டம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. 1970-இன் தூய காற்றுச் சட்டம், இளைஞர்களுக்கு எகிறிய காப்பீட்டுக் கட்டணம், 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. முடிந்துபோனதாலேயே அது சேகரிக்கும் பொருளானது. இன்று அமெரிக்காவில் அந்தக் கார்களுக்குக் கதவுக் கைப்பிடி முதல் முழு உடம்பு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1960-களின் மஸ்டாங் உடற்கூட்டை ஃபோர்டின் உரிமத்தோடு இன்றும் புதுத் தகட்டில் வாங்கலாம். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தொழிற்சாலையிலிருந்து சேர்ந்தே வந்த வண்டியா என்பதில் விலை பல மடங்கு ஏறும், இறங்கும்.

மதராஸுக்கு வந்ததும் வராததும்

அமெரிக்கக் கார் நமக்குப் புதிதல்ல. ஃபோர்டு 1930-ஐ ஒட்டியே மதராஸில் கார் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பூட்டியது. பிரீமியர் நிறுவனம் டாட்ஜும் பிளைமவுத்தும் பூட்டியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் பூட்டியது. 1953-இல் அரசு ஒரு முடிவெடுத்தது: இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாமல் பாகங்களை இறக்கிப் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின.

ஜி.டி.ஓ. பிறந்தபோது நம் கதவு சாத்தியிருந்தது. பிறகு வந்த பெரிய அமெரிக்கக் கார்களில் பல, தூதரக அதிகாரிகள் ஓட்டிவிட்டு, அரசு வணிகக் கழகத்தின் ஏலத்தில் கைமாறியவை. ஷெவர்லே இம்பாலா நம் சினிமாக்காரர்களின் அந்தஸ்தாக ஆனது அந்தக் காலத்தில்தான். ஆனால் இம்பாலா பெரிய குடும்பக் கப்பல். பந்தயக் குதிரை அல்ல. அசல் மஸில் கார் நம் சாலைக்கு அபூர்வமாகவே வந்தது. மஸ்டாங்கை ஃபோர்டு முறையாக இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது 2016-இல். ஐந்தே ஆண்டில், 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது.

இறக்குமதிச் சட்டம் இன்றும் வயதைப் பார்த்தே பேசுகிறது. பயன்படுத்திய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமானால் அது மூன்று வயதுக்கு மேற்படக் கூடாது. பழங்கார் என்ற பெயரில் கொண்டுவர நெடுங்காலம் 1950-க்கு முந்தைய வண்டிக்கே வழி இருந்தது. 2025-இல் அது ஐம்பது வயது என்று தளர்த்தப்பட்டது. கணக்குப்படி 1964 முதல் 1973 வரையிலான மஸில் கார்களுக்கு இப்போதுதான் வாசல் திறந்திருக்கிறது. சுங்க வரியைத் தாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. இடது பக்க ஸ்டியரிங் வண்டியாக இருந்தால், திரும்பும் சைகை காட்டும் கருவி ஒழுங்காக இயங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு கேட்கிறது.

ஆகவே சாதாரண மோகிக்கு அசல் மஸில் கார் எட்டாக்கனி. அவன் கண் போய் நிற்கும் இடம் இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா.

உடம்பு மட்டும் பலசாலி

கான்டெஸாவை ‘இந்திய மஸில் கார்’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. முதலில் இது சிரிப்பை வரவழைக்கும். 1984-இல் விற்பனைக்கு வந்த கான்டெஸாவுக்குள் இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின், சக்தி ஏறக்குறைய ஐம்பது குதிரை. மல்யுத்த வீரனின் தோளில் பள்ளிக்கூடப் பையனின் கையைப் பொருத்தியது போல.

ஆனால் அந்த உடம்பின் வம்சாவளி பொய்யல்ல. கான்டெஸாவின் அச்சுகள் இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்திலிருந்து வந்தவை. 1972-இன் விக்டர் காரிலிருந்து கிளைத்த வி.எக்ஸ். வரிசை அது. வாக்ஸால் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளை. நீண்ட பானெட், இடுப்பு வளைந்து பின்சக்கரத்தின் மேல் எழும் பக்கவாட்டு, பின்சக்கர இயக்கம் எல்லாம் டெட்ராய்ட் ரசனை, இங்கிலாந்து வழியாக வங்காளத்தின் உத்தரபாராவுக்கு வந்து சேர்ந்தவை. ஜி.டி.ஓ.வுக்கும் கான்டெஸாவுக்கும் உறவு கேட்டால், ஒன்றுவிட்ட பங்காளி என்று தயங்காமல் சொல்லலாம்.

உடம்புக்கேற்ற உயிர் பிறகு வந்தது. ஜப்பானின் இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் சேர்ந்து ‘கான்டெஸா கிளாசிக்’ ஆனது. சக்தி 88 குதிரை. இன்றைய சிறு கார்களிலேயே சிலவற்றுக்கு அதைவிட அதிகம் உண்டு. ஆனால் மாருதி 800 ஓடிய 1980-களின் சாலையில் அது பெரிய சங்கதி. பிறகு டீசலும் டர்போ டீசலும் வந்தன. 2002-இல் உற்பத்தி நின்றது. 2022-இல் கான்டெஸா என்ற பெயரையே இந்துஸ்தான் மோட்டார்ஸ் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

அதிகத்தூரின் கதை

கான்டெஸா திருவள்ளூரில் பிறக்கவில்லை. ஆனால் அதைச் செய்த நிறுவனத்தின் தெற்குக் கிளை இங்கேதான் வளர்ந்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் செய்தது மண்வாரி இயந்திரங்களை. அந்தத் தொழில் 2000-ஐ ஒட்டிக் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதிகத்தூர் கார் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. அதன் பின் வந்த செடியா, இந்தியத் தேசிய ராலிப் போட்டிகளில் பல ஆண்டுகள் கோலோச்சியது. வேகக் கார் என்று நம் மாவட்டம் உரிமையோடு சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது செடியாதான்.

வேகத்துக்கு இங்கே அதற்கும் முந்தைய வரலாறு உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. 1953-இல் உருவான மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் திறக்கும் வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் கோயில் சோழவரம். அங்கே ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசடரும் தொழிற்சாலையில் வந்த கோலத்தில் ஓடவில்லை. சீட்டைக் கழற்றி எடை குறைத்து, இன்ஜின் தலையைத் தேய்த்து அழுத்தம் கூட்டி, கார்புரேட்டரை மாற்றி ஓடின. ‘கஸ்டமைஸ்’ என்ற சொல் நம் நாவில் ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை நம் மெக்கானிக்குகள் செய்துகொண்டிருந்தார்கள். இறக்குமதி இல்லாத காலம் கற்றுக்கொடுத்த கலை அது.

அதிகத்தூரின் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கான்டெஸாவுக்கு உயிர் கொடுத்த இசுஸு, 2013-இல் தன் வண்டிகளைப் பூட்டித்தரச் சொல்லித் திருவள்ளூர் ஆலையோடு ஒப்பந்தம் போட்டது. 2016-இல் தனக்கென ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் ஆலை கட்டிக்கொண்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து எல்லை தாண்டினால் அதிக தூரமில்லை. திருவள்ளூர் ஆலையில் இன்று பிரான்சின் சிட்ரோயன் கார்கள் வருகின்றன. 2021-இல் சி-5 ஏர்கிராஸ், 2022-இல் சி-3. அம்பாசடர் என்ற பெயரை 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் சிட்ரோயனின் தாய் நிறுவனம்தான். பெயரை எல்லோரும் விலை கொடுத்து வாங்கினார்கள். வண்டியைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் வாங்கவில்லை.

காந்தம் பொய் சொல்லாது

ஒரு பழைய கான்டெஸாவை வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் பளபளக்கிறது. விவரம் தெரிந்த டிங்கர் அதைப் பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றிக்கொள்வார். கதவின் கீழ்விளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, டிக்கியின் தரை, வைப்பர் மோட்டாருக்கு அடியில் உள்ள பள்ளம் என்று தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் காந்தம் பிடிக்கும். ஒரு சாண் தள்ளி வழுக்கி விழும். விழுந்த இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் துரு தின்ற ஓட்டையை மறைத்து, பட்டி பூசி, தேய்த்து, மேலே வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்து வண்டிகளில் இது இன்னும் முக்கியம். உப்புக் காற்று பெயின்ட்டுக்கு அடியில் வேலை செய்யும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். ஜி.டி.ஓ.வுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, உடம்பைத் தனியே தூக்கி வைத்து வேலை பார்க்கலாம். கான்டெஸாவுக்கு உடம்பே எலும்புக்கூடு. தரைத் தகடு துருப்பிடித்தால் முதுகெலும்பு போன மாதிரி.

சரியான வழி துருவை வெட்டி எடுப்பதுதான். அழுகிய தகட்டை நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகட்டைச் சுத்தியும் தாங்குக்கட்டையும் வைத்து வளைத்து, இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்னப் புள்ளியாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். இந்த வேலைக்குக் கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.டூ. வெல்டிங் நல்லது, சூடு அவ்வளவு பரவாது. திருவள்ளூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் அந்த இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பொறுமைக்குத்தான். இன்றைய பட்டறைகளில் அடிபட்ட கதவைத் தட்டி நிமிர்த்துவது குறைந்து, கழற்றிப் புதுக் கதவு மாட்டுவதே வழக்கமாகிவிட்டது. இளம் டிங்கருக்குத் தகடு வளைக்கும் வாய்ப்பே வருவதில்லை.

இன்ஜின் வேலை அவ்வளவு பயமுறுத்தாது. போரை அளந்து, தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து பெரிய சைஸ் பிஸ்டன் போடுவது, கிராங்கைக் கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங் மாட்டுவது, ஹெட்டை ஃபேஸிங் செய்வது எல்லாம் சென்னை லேத் பட்டறைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1,489 சி.சி. இன்ஜின் அம்பாசடருக்கும் பொது, இசுஸு 1.8-ஐயும் அம்பாசடர் 1990-களில் எடுத்துக்கொண்டது. வாடகைக் கார்களாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய அம்பாசடர்களின் புண்ணியத்தில்தான் கான்டெஸாவுக்கு இன்றும் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் உதிரி கிடைக்கிறது.

திணறடிப்பவை சின்னச் சாமான்கள்: பின்விளக்கின் கண்ணாடி, டேஷ்போர்டு பிளாஸ்டிக், கதவோர ரப்பர் பீடிங், எழுத்துப் பட்டைகள். அளவு கொடுத்தால் ரப்பரையும் கண்ணாடியையும் செய்து தர ஆள் உண்டு. மற்றவற்றுக்கு இன்னொரு செத்த கான்டெஸாவை வாங்கி உறுப்பு எடுப்பதுதான் வழி. இரண்டு வண்டி வாங்கி ஒரு வண்டி எழுப்புவது இந்தத் துறையின் எழுதாத விதி. அமெரிக்கனுக்குப் பட்டியலைப் புரட்டினால் போதும். இங்கே பட்டியலே பட்டறைக்காரரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. நாடு முழுக்க ஈயம் கலவாத பெட்ரோல் வந்தது 2000-இல். ஈயத்தின் மெத்தையை நம்பி வடிவமைத்த பழைய இன்ஜினில் வால்வு உட்காருமிடம் தேய்ந்துகொண்டே போகும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட் வளையம் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிளக்கும், கார்புரேட்டரின் உலோகத்தை அரிக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் எரிபொருள் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும். டாங்கியில் தண்ணீர் சேரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கார் தீப்பிடிப்பதற்குப் பிளந்த பெட்ரோல் குழாய் ஒன்று போதும்.

மாற்றலாமா, கூடாதா?

பழங்கார்க்காரர்கள் மூன்று கட்சி. முதல் கட்சிக்கு வண்டி ஷோரூமிலிருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். போல்ட்டின் தலையில் உள்ள முத்திரைகூட மாறக் கூடாது. இரண்டாவது கட்சி தோற்றத்தைத் தொடாது. பிரேக், வயரிங், ரேடியல் டயர், ஏ.சி. ஆகியவற்றை மட்டும் இன்றைய தரத்துக்கு ஏற்றும். மூன்றாவது கட்சி உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றும். கான்டெஸாவுக்குள் ஜப்பானின் ஆறு சிலிண்டர் இன்ஜினை இறக்கியவர்களும் இந்த நாட்டில் உண்டு.

மூன்றாவது கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. மஸில் காரின் பிறப்பே இன்ஜின் மாற்றத்தில்தானே? பான்டியாக்காரர்கள் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று கேட்பார்கள். பதில் நேரானது. அவர்கள் அதைத் தொழிற்சாலைக்குள் செய்தார்கள். கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும் அதற்கேற்ப வந்தன. 88 குதிரைக்காக வார்த்த ஆக்ஸிலும் அந்தக் காலப் பிரேக்கும் முந்நூறு குதிரைக்கு ஈடுகொடுக்காது. கூட்டிய சக்தியை நிறுத்தத் தெரியாத வண்டி, ஓட்டுகிறவரோடு சேர்த்து எதிரே வருகிறவருக்கும் ஆபத்து.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இன்ஜின் பழுதாகி அதே ரகத்தில் மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி வேண்டும்; வண்ணத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும்.

இந்தச் சட்டத்தின் குறை, இரண்டாவது கட்சியையும் மூன்றாவது கட்சியையும் ஒரே தராசில் நிறுத்துவது. பிரேக்கை மேம்படுத்தியவரும் சைலன்சரை அறுத்தவரும் அதன் கண்ணில் ஒன்று. பாதுகாப்பைக் கூட்டும் மாற்றத்துக்கு, பரிசோதித்து அனுமதி தரும் தெளிவான வழி இருந்தால், மறைத்துச் செய்யும் வேலை வெளிச்சத்துக்கு வரும்.

வயதுக் கணக்கு

பிரச்சினையின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு பழங்காருக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வயது கடந்த, அசல் வடிவில் பேணப்பட்ட சொந்த உபயோக வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி எண் பலகை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அது பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் போகலாம். உடற்கூட்டையோ இன்ஜினையோ மாற்றியிருந்தால் அந்தத் தகுதி கிடையாது.

நல்ல விதி. ஆனால் ஐம்பது வரை அந்த வண்டி எப்படி உயிரோடிருக்கும்? பதினைந்து வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய கார்களுக்கு அது 10,000 ரூபாயானது. இறக்குமதிக் காருக்கு 80,000. பசுமை வரி தனி. மறுபக்கம், பழைய வண்டியை உடைக்கக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால் புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று விதி. ஒரு கையில் அபராதம், மறு கையில் ஆசை. கும்மிடிப்பூண்டி உலைக்குப் போகும் வழி முழுக்க இறக்கமாக இருக்கிறது.

கான்டெஸாவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உற்பத்தி நின்றது 2002-இல். ஆகவே கடைசியாக வந்த வண்டியும் இருபதைத் தாண்டிவிட்டது. ஒன்றுகூட ஐம்பதைத் தொடவில்லை. மொத்தக் குடும்பமும் தண்டனைக் கட்டணத்துக்கும் மரியாதைக்கும் நடுவிலுள்ள பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கிறது. 1998-இல் அதிகத்தூரிலிருந்து வெளிவந்த லான்சருக்கு மரியாதை கிடைக்கும் ஆண்டு 2048. அதுவரை எத்தனை தேறும்?

மற்ற நாடுகள் இந்த இடைவெளியைக் குறுக்கிவிட்டன. ஜெர்மனியில் முப்பது வயதுக் காருக்கு ‘எச்’ எழுத்துப் பலகை. அந்தக் காலத்துக்குரிய மாற்றங்களையும் ஏற்கிறார்கள். உலகப் பழங்கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவாவும் முப்பது என்கிறது. பிரிட்டனில் நாற்பது. முப்பது என்று இங்கே வைத்திருந்தால் முதல் கான்டெஸா 2014-லேயே தகுதி பெற்றிருக்கும். அம்பாசடர் உற்பத்தி நின்ற அதே ஆண்டு.

எதிர்த்தரப்பு

பழைய கார் புகை கக்கும் என்பது உண்மை. கார்புரேட்டர் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு விடும் நச்சு, இன்றைய பி.எஸ். 6 வண்டியைவிடப் பல மடங்கு. ஆனால் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் வயதை மட்டும் வைத்து ஒரே கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. ஓடும் தூரத்துக்கு வரம்பு வையுங்கள், ஆண்டுதோறும் புகையை அளந்து பாருங்கள், மீறினால் தகுதியைப் பறியுங்கள்.

இரும்பு திரும்பப் பயன்படுவது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், உருக்காலை இல்லாமல் நாடு கட்ட முடியாது. ஆனால் கார் இரும்பு அங்கேயும் அவ்வளவு சுத்தமான விருந்தாளி அல்ல. வயரிங்கின் செம்பு கலந்தால் உருட்டும்போது எஃகில் வெடிப்பு விழும். பிரித்தெடுக்க மெனக்கெட வேண்டும். எப்படியானாலும், எடைக்குப் போனால் ஒரு டன்னுக்குச் சற்றே மேற்பட்ட இரும்பாக மட்டும் மதிக்கப்படும் வண்டி அது. பட்டறைக்குப் போனால் டிங்கர், பெயின்டர், லேத்காரர், எலெக்ட்ரீஷியன், குஷன் தைப்பவர் என்று ஐந்தாறு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வேலை.

இது பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டும் உண்டு. கோயம்புத்தூரில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும், வடபழனி ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் திறந்த காட்சியகத்தையும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். அவை அரிய பணி. ஆனால் காட்சியகத்துக்குள் போகும் வண்டி சில டஜன்தான். கான்டெஸாவை வாங்கியவர்களில் வங்கி மேலாளரும் ஒப்பந்தக்காரரும் டாக்டரும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் இன்று தார்ப்பாயை விலக்கிப் பார்த்து யோசிக்கிறார்கள்.

தீர்ப்பு

இவ்வளவையும் பார்த்த பின் எனக்குத் தோன்றுவது இது. அசல் மஸில் காருக்காக ஏங்குவதில் தப்பில்லை. ஆனால் நம் கவனத்துக்குரியது நம்மிடம் இருக்கும் வண்டி. இன்று இன்ஜினை மாற்றுகிறவர், ஐம்பதாம் வயதில் கிடைக்கவேண்டிய பெயரை இன்றே விற்றுவிடுகிறார். அசலைக் காப்பது முதல் வழி. பாதுகாப்புக்காகச் செய்து, திரும்பவும் பழையபடி மாட்டக்கூடிய மாற்றம் இரண்டாம் வழி. மூன்றாம் வழிக்குப் பந்தயத்தடம் இருக்கிறது, பொதுச் சாலை வேண்டாம்.

அரசு செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. முப்பது வயதுக்கு மேல், அசல் வடிவில், தூர வரம்போடு ஓடும் காருக்கு இடைநிலைத் தகுதி ஒன்று தரலாம். அம்பத்தூர் போன்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில், கை நடுங்கத் தொடங்குமுன் ஒரு மூத்த டிங்கரை அழைத்துத் தகடு வளைக்கச் சொல்லித்தரச் செய்யலாம். இன்ஜினுக்குப் புத்தகம் இருக்கிறது. சுத்தி எங்கே, எத்தனை மெதுவாக விழ வேண்டும் என்பதற்குப் புத்தகம் இல்லை.

முதல் கான்டெஸா ஐம்பதைத் தொடுவது 2034-இல். கடைசி வண்டி தொடுவது 2052-இல். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ மாமா வீட்டு மாமரத்தடியிலோ அப்படி ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால், பழைய இரும்புக்காரர் தராசைக் கொண்டுவருவதற்கு முன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவடியில் வைத்துப் பாருங்கள். பிடித்தால், எடைக்குப் போடாதீர்கள்.